மாப்பிள்ளை போட்ட பன்னீர்க் காத்தாடி

சாப்பிட்டுக்கிட்டே இதைப் படிக்காதீங்க. முதல்லயே சொல்லிட்டேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. ஆஸ்பத்திரியில கிடந்து எழுந்து வந்தவ எழுதுறதுன்னா கடவுள் காப்பாத்தினாரு, டாக்டருங்கதான் தெய்வம்னு இருக்கும்னு நினைப்பீங்க. டாக்டருங்க நல்லவங்கதான், அதுல குறை சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அந்த நாளுங்களை நினைச்சா நன்றி வர்றதுக்கு முன்னாடி குமட்டல்தான் வருது. என் நெஞ்சுக்குள்ள என்ன போச்சு, அது எங்க குடியிருந்துச்சுன்னு தெரிஞ்சதுல இருந்து ஒரு கிளாஸ் தண்ணியைக்கூட வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டுத்தான் குடிக்கிறேன்.

என் பேரு சரோஜா. கோல சிலாங்கூர்ல ஒரு தமான் குடியிருப்புல இருக்கோம். வீட்டுக்காரர் மணியம் செம்பனைப் பழ லோரி ஓட்டி ஓய்ஞ்சவரு. நான் பள்ளிக்கூடக் கேண்டீன்ல சமைச்சவ. சுத்தம் விஷயத்துல எனக்குக் கொஞ்சம் கிறுக்குன்னு வீட்டுல எல்லாரும் சொல்லுவாங்க. சட்டியைக் கழுவினா போதாது எனக்கு, விரலால தடவிப் பார்க்கணும். வழுக்கினா மறுபடியும் தேய்க்கணும். இப்படிப்பட்ட எனக்குப் போய் இந்த வியாதி வந்துச்சு பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, கவிதா. மாப்பிள்ளை சுரேன். ஜெராம்ல கூடாரம், மேசை, நாற்காலி எல்லாம் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுறவரு. தங்கமான மனுஷன். இதை நான் பயந்துக்கிட்டுச் சொல்லல, கடைசி வரைக்கும் படிச்சுப் பாருங்க. 

என் நாத்தனார் மகனுக்கு ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திடல்ல கல்யாணம். கூடாரம் எல்லாம் மாப்பிள்ளைதான். வெயிலா வெயில், தகரத்துல முட்டை போட்டா வெந்துரும். அதுக்காக அவரு புதுசா வாங்கி வெச்சிருந்த காத்தாடிங்களை இறக்கினாரு. பெரிய காத்தாடி. அடியில ஒரு தண்ணித் தொட்டி, ஒரு சின்ன பம்பு, அதுல இருந்து மேல போற ரப்பர் குழாய், காத்தாடி முகத்துல வட்டமா ஊசிமுனை ஓட்டைங்க. சுவிட்சைப் போட்டா தண்ணி பனி மாதிரி பறக்கும். நீங்களும் சாப்பாட்டுக் கடைங்கள்ல பார்த்திருப்பீங்க.

மாப்பிள்ளை அதோட விட்டாரா? தொட்டியில பன்னீர் போத்தலை உடைச்சு ஊத்தினாரு. "வாசல்ல நின்னு செம்புல பன்னீர் தெளிக்க ரெண்டு பொண்ணுங்க எதுக்கு? கூடாரம் முழுக்க நம்ம காத்தாடியே தெளிச்சிடும்"னாரு. வந்த சனம் அசந்துபோச்சு. ஆம்பளைங்க முகத்தை அண்ணாந்து காட்டிக்கிட்டு நின்னாங்க. சின்னப் பிள்ளைங்க வாயைத் திறந்துக்கிட்டு அதுக்கு முன்னால ஆடுச்சுங்க. கோயில் தீர்த்தம் வாங்குற மாதிரி ஒரு கிழவர் கையேந்தித் தலையில தடவிக்கிட்டாரு. இப்ப அதை நினைச்சா எனக்கு உடம்பு கூசுது.

நான் கல்யாண வீட்டுச் சொந்தக்காரி மட்டுமா, கூடாரக்காரரோட மாமியாரும் ஆச்சே. "அத்தைக்கு முன்னால ஒரு காத்தாடி போடுங்கடா"ன்னு வேலைக்காரப் பசங்களை விரட்டி, முன் வரிசையில எனக்குன்னு ஒண்ணை நேரா மூஞ்சிக்கு எதிர்ல வெச்சாரு. தாலி கட்டி, பந்தி முடியுற வரைக்கும் நான் அதுக்கு முன்னாலதான் உட்கார்ந்திருந்தேன். பன்னீர் வாசத்துக்கு அடியில இன்னொரு நாத்தம் அடிச்சுச்சு. சாமி படத்துக்கு முன்னால பூச்சாடி வெச்சு, தண்ணி மாத்த மறந்துட்டா ஒரு நாத்தம் வரும்ல, அந்த நாத்தம். என் மூக்கு அதைச் சரியா பிடிச்சுச்சு. ஆனா மாப்பிள்ளை மரியாதைக்குப் போட்ட காத்தாடியை மாமியார்க்காரி நகர்த்தச் சொல்லலாமா? சேலைத் தலைப்பால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் காய்ச்சல் பிடிச்சுச்சு. முதல்ல தலைவலி, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. அப்புறம் குளிர். அப்புறம் வறட்டு இருமல். கிளினிக்ல சளிக்காய்ச்சல்னு மாத்திரை கொடுத்தாங்க. குறையலன்னு மறுபடியும் போனோம். டிங்கிக் கொசுக்காய்ச்சலான்னு ரத்தம் எடுத்தாங்க, இல்லன்னு வந்துச்சு. கோவிட் குச்சியை மூக்குல விட்டாங்க, அதுவும் இல்ல. வேற ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்க. அது ஒரு மயிரும் கேட்கல. வயித்தால போக ஆரம்பிச்சுச்சு. கவிதா வந்து பார்த்தப்ப நான் அவளைக் கேண்டீன் வேலைக்காரப் பொண்ணுன்னு நினைச்சு, "சட்டியை ஏன் இன்னும் கவுத்தல"ன்னு திட்டினேனாம். எனக்கு ஞாபகமே இல்ல. அவ அழுதுட்டா. மாப்பிள்ளைதான் என்னை ரெண்டு கையாலயும் தூக்கிக் காடிப் பின்சீட்டுல போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காரு. தூக்கும்போது அவரு சட்டையெல்லாம் நாசம் பண்ணியிருக்கேன். அவரு மூஞ்சி சுளிக்கலன்னு கவிதா சொன்னா.

நெஞ்சுப் படம் எடுத்தாங்க. ஒரு பக்க நுரையீரல் பாதிக்கு மேல வெள்ளையா இருந்துச்சாம். காத்து இருக்க வேண்டிய இடத்துல நீரும் சீழும் கட்டியிருக்குன்னு அர்த்தம். நிமோனியா. ரத்தத்துல உப்பும் இறங்கிப்போச்சு, அதுனாலதான் புத்தி பேதலிச்சதுன்னு சொன்னாங்க. மூக்கையும் வாயையும் மூடி ஒட்சிசன் மாஸ்க் போட்டாங்க. அந்த மாஸ்க்குக்குள்ள என் மூச்சு எனக்கே திரும்பி வரும். வாய் கழுவாத என் மூச்சு. அதுல நானே குமட்டி, மாஸ்க்குக்குள்ளயே வாந்தி எடுத்து, நர்ஸ் மிஸி ஓடி வந்து கழட்டி, சீ, அந்த மாதிரி ஒரு நிலைமை என் எதிரிக்கும் வரக்கூடாது.

கோழை வேணும், பரிசோதனைக்குன்னு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தாங்க. இருமி இருமித் துப்பணும். வறட்டு இருமல்ல எங்க இருந்து வரும்? கடைசியில துருப்பிடிச்ச நிறத்துல கொஞ்சம் வந்துச்சு. அதை என் கையாலயே மூடி போட்டு மிஸிகிட்ட கொடுத்தேன். மத்தவங்க எச்சில் பட்ட கரண்டியைக்கூடத் தொடாதவ நான். இப்ப எனக்கு டயப்பர். படுக்கையில சட்டி. எதிர்க் கட்டில்ல ஒரு சீனத்துப் பாட்டிக்குக் குழாய் விட்டுக் கோழையை உறிஞ்சுவாங்க, அந்தச் சத்தம் கேட்டா நான் காதைப் பொத்திக்குவேன். வார்டு கழிவறை வாசல்ல எப்பவும் ஈரம். காலை வெச்சா செருப்பு வழுக்கும். ராத்திரி யாராவது குழாயைத் திறந்தா அந்தத் தண்ணி சத்தத்துல எனக்குப் பயம் வரும், ஏன்னு அப்ப தெரியல.

வீட்டுக்காரரைப் பத்தி நான் உண்மையைச் சொல்லணும். குடிச்ச கோப்பையைக் கழுவாத ஆளு. அந்த மனுஷன் என் அழுக்குச் சாரோங்கை ஆஸ்பத்திரிக் குழாயடியில உட்கார்ந்து அலசியிருக்காரு. மிஸிங்க மலாய்ல மாமான்னு கூப்பிட்டு, "பாக்சிக், கொடுங்க, நாங்க பார்த்துக்குறோம்"னு சொல்லியும் கேட்கலயாம். மாப்பிள்ளை தினமும் ஜெராம்ல இருந்து மீன் கஞ்சி கொண்டு வருவாரு. அவரோட அம்மா, எங்க சம்பந்தியம்மா, இழுப்புக்காரி. ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்கும். அவங்க விடியாலம் எழுந்து எனக்காக முள்ளு பார்த்து ஆக்கிக் கொடுத்தது. நான் ரெண்டு கரண்டி குடிப்பேன், உடனே வாந்தி. மாப்பிள்ளை பேசின் சட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு.

டாக்டரம்மா ஃபரிடா சின்ன வயசு. என்னை ஆன்ட்டின்னு கூப்பிடும். நாங்க பேசினதெல்லாம் மலாய்ல, நான் உங்களுக்குத் தமிழ்ல சொல்றேன். ஒரு நாள் மூத்திரத்தை எடுத்துச் சோதிச்சாங்க. நெஞ்சு வியாதிக்கு மூத்திரம் எதுக்குன்னு நான் நினைச்சேன். அதுலதான் கிருமி பேரு தெரிஞ்சுச்சு. லெஜியனெல்லா. ஆளுகிட்ட இருந்து ஆளுக்கு ஒட்டாதாம். தண்ணியில இருக்கிற கிருமி. குடிச்சா வர்றதில்ல, அந்தத் தண்ணி தூசு மாதிரி பறந்து அதை நாம மூச்சுல இழுத்தா வருது. முதல்ல கொடுத்த மாத்திரைங்க ஏன் கேட்கலன்னா, இந்தக் கிருமி நம்ம உடம்புச் செல்லுக்குள்ளயே போய் ஒளிஞ்சுக்கும், அந்த மருந்து உள்ள போகாது. உள்ள போற மருந்தை ஊசியில ஏத்தினாங்க.

அப்புறம் டாக்டரம்மா கேட்டுச்சு. "நோய் வர்றதுக்கு முன்னாடி ஆன்ட்டி எங்கயாவது தண்ணி தூவுற இடத்துல இருந்தாங்களா? அலங்கார நீரூற்று, தண்ணி பறக்குற காத்தாடி, அந்த மாதிரி?"

மாப்பிள்ளை அப்ப அங்க இல்ல, கீழ காடி நிறுத்தப் போயிருந்தாரு. கட்டில் பக்கத்துல என் வீட்டுக்காரர் மட்டும்தான். "இல்ல டாக்டர்"னாரு. "வீட்டுலதான் கிடந்தா. ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அதுவும் வெட்டவெளி, நல்ல காத்து."

பன்னீர்க் காத்தாடியைச் சொல்லணும் எனக்கு. மாஸ்க்குக்குள்ள வாய் அசையுது, சத்தம் வரல. கையைத் தூக்கினேன். இவரு அந்தக் கையைப் பிடிச்சு அமுக்கி, தடவிக் கொடுத்து, "தூங்கு சரோ, தூங்கு"ன்னாரு. டாக்டரம்மா அதைப் பார்த்துப் புன்னகை பண்ணிட்டுப் போயிடுச்சு. எவ்வளவு பாசமான புருஷன்னு நினைச்சிருக்கும்.

மாஸ்க் எடுத்து, மூக்குல வெறும் குழாய் மட்டும் போட்ட அன்னைக்கு முதல் வேலையா அவரைக் கேட்டேன். "ஏங்க பொய் சொன்னீங்க?"

"மாப்பிள்ளை பேரு என்ன ஆகும் யோசிச்சியா? கூடாரக்காரன் காத்தாடியால மாமியாரே படுத்துட்டான்னு ஜெராம் முழுக்கப் பேசமாட்டானுங்க? பொழப்பு போயிடும். நம்ம பொண்ணு பொழப்பும்தான். நீ பிழைச்சுக்கிட்ட, அது போதும் லா."

எனக்குக் கோபத்துல இருமல் வந்துச்சு. என்ன சொன்னாலும் அந்த ஆளு காதுல ஏறாது. எங்க சனத்துக்கு மாப்பிள்ளைன்னா அப்படி ஒரு பயபக்தி, எனக்கும்தான், டாக்டரம்மாகிட்ட அப்பவே சொல்ல மனசு வரல. மாப்பிள்ளை உப்புப் போடாம ஆக்கினாலும் ருசியா இருக்குன்னு சொல்லணும்.

ஆஸ்பத்திரியில இருந்து என்னை நேரா ஜெராமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. பொண்ணு பார்த்துக்கட்டும்னு. நடந்தா தலை சுத்துது, முடி கொத்துக் கொத்தா கொட்டுது. வழியில கோயில்ல அர்ச்சனை முடிச்சு, வாசல்ல ஆரத்தி எடுத்து, உள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க. எனக்குன்னு ஒதுக்கின அறையில புது விரிப்பு, புதுத் தலையணை. கட்டிலுக்கு எதிர்ல அந்தக் காத்தாடி நிக்குது.

"ரூம்பு வெக்கையா இருக்கும் அத்தை, நல்லா தூங்கணும்ல"ன்னு சொல்லிக்கிட்டே மாப்பிள்ளை சுவிட்சுல கையை வெச்சாரு. புதுசா பன்னீர் வேற ஊத்தியிருக்காரு. வாசம் அடிச்சுச்சு. அதுக்கு அடியில அந்தப் பூச்சாடி நாத்தம்.

"போடாதீங்க. எடுங்க அதை. வெளிய தள்ளுங்க." கவிதாவுக்குக் கல்யாணம் ஆகி இவ்வளவு வருஷத்துல மாப்பிள்ளைகிட்ட நான் சத்தமா பேசினது அன்னைக்குத்தான். பேசிட்டு, புது விரிப்பு மேலயே வாந்தி எடுத்தேன்.

கவிதா ஓடி வந்தா. சம்பந்தியம்மா கதவைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்க நின்னாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன். டாக்டர் கேட்டது, என் வீட்டுக்காரர் சொன்ன பொய், எல்லாம். மாப்பிள்ளை முகம் செத்துப்போச்சு. அவருக்கு நிஜமாவே தெரியாது. காத்தாடியை உருட்டிக்கிட்டுப் பின்னால சாமான் கொட்டகைக்குப் போனாரு. நான் வாந்தி எடுத்த விரிப்பையும் அவருதான் சுருட்டி எடுத்துக்கிட்டுப் போனாரு.

மறுநாள் வந்து, "எல்லாக் காத்தாடித் தொட்டியிலயும் பிளீச் ஊத்தி ஊற வெச்சுட்டேன் அத்தை. நல்லா ஸ்ட்ராங்கா. கொசு முட்டைகூட உயிரோட இருக்காது"ன்னாரு. கொட்டகைப் பக்கம் இருந்து பிளீச் வாசம் மூக்கை எரிச்சுச்சு. எனக்கும் மனசு ஆறிப்போச்சு. கேண்டீன்ல நாங்களும் அதைத்தானே ஊத்துவோம்? முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில மறுபடியும் காட்டப் போனோம். டாக்டரம்மா முன்னால உட்கார்ந்ததும் நான் சொல்லிட்டேன். "டாக்டர், அன்னைக்கு இவரு சொன்னது பொய். என் மருமகனோட தண்ணிக் காத்தாடிக்கு முன்னாலதான் நான் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்." வீட்டுக்காரர் சுவத்துல இருந்த கேலண்டரைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு.

டாக்டரம்மா திட்டல. காத்தாடி எங்க நிக்குது, தண்ணி எப்ப மாத்துவாங்கன்னு கேட்டுச்சு. வேலை முடிஞ்சா மிச்சத் தண்ணியோடயே தகரக் கொட்டகையில நிக்கும், அடுத்த வேலைக்கு மேல மேல ஊத்துவாங்கன்னு சொன்னேன். பன்னீர் ஊத்துறதையும் சொன்னேன். கோயில் வேலைன்னா மஞ்சளும் வேப்பிலையும் கலப்பாங்கன்னும் சொன்னேன். டாக்டரம்மா நெத்தியைத் தேய்ச்சுக்குச்சு.

"இப்ப சரியாயிடுச்சு டாக்டர், பிளீச் ஊத்தியாச்சு"ன்னேன்.

"குழாய் உள்பக்கம் தேய்ச்சாங்களா?"

"குழாய்க்குள்ள கை போகாதே."

"அப்ப சரியாகல ஆன்ட்டி"ன்னுச்சு.

அப்புறம் அது விளக்கினதை நான் எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். தண்ணியில தனியா மிதக்குற கிருமி பிளீச் பட்டா செத்துடும். ஆனா இந்தக் கிருமிங்க தனியா மிதக்குறது கொஞ்சம்தான். தொட்டிச் சுவத்துல, குழாய் உள்பக்கத்துல ஒட்டிக்கிட்டு, கூட்டங்கூட்டமா சேர்ந்து, தங்களைச் சுத்தி ஒரு பசையைக் கக்கி அதுக்குள்ள குடியிருக்கும். பயோஃபிலிம்னு பேராம். எனக்குத் தெரிஞ்ச பேரு வழவழப்பு. சிங்க்குக் குழாயைக் கழட்டினா உள்ள இருக்குமே, அதுதான். பிளீச் அந்தப் பசையோட மேல்தோலைத்தான் எரிக்கும், அடியில இறங்குறதுக்குள்ள அதோட வீரியம் போயிடும். வெயில்ல சூடான தண்ணி, அதுல பன்னீர், மஞ்சள், இலைத் தூளுன்னு நாம தீனி வேற போடுறோம். பசை தடிச்சுக்கிட்டே போகுது.

அதுக்கு மேல ஒண்ணு சொல்லுச்சு, அதுதான் எனக்கு இன்னும் தூக்கத்தைக் கெடுக்குது. அந்தப் பசை மேல அமீபான்னு ஒரு பிராணி ஊர்ந்துக்கிட்டு இருக்கும். ஒரே ஒரு செல்தான் அதோட உடம்பு, கண்ணுக்குத் தெரியாது. மாடு புல் மேயுற மாதிரி அது கிருமிங்களை மேயும். மத்தக் கிருமியெல்லாம் அதோட வயித்துல செரிச்சுப்போகும். இந்த லெஜியனெல்லா செரிக்காது. உள்ள உட்கார்ந்து குட்டி போட்டுப் போட்டு, நிறைஞ்சதும் அமீபாவைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். பிளீச் ஊத்தினா அந்த அமீபா என்ன பண்ணுமாம் தெரியுமா? சுருண்டு, தன்னைச் சுத்திக் கெட்டியா ஒரு ஓடு போட்டுக்கும். உள்ள கிருமி பத்திரமா இருக்கும். பிளீச் காரம் போனதும் ஓடு திறந்துக்கும். மறுபடியும் மேய்ச்சல்.

"நம்ம நுரையீரல்லயும் காவலுக்குன்னு சில செல்லுங்க இருக்கு. உள்ள வர்ற கிருமியைப் பிடிச்சு முழுங்கிடும். இந்தக் கிருமி அமீபா வயித்துல பிழைக்கிற மாதிரியேதான் அதுக்குள்ளயும் பிழைச்சிடுது"ன்னு டாக்டரம்மா முடிச்சுச்சு.

எனக்கு வாயில எச்சில் ஊறுச்சு, வாந்திக்கு முன்னாடி ஊறுற எச்சில். பூச்சாடி அழுக்குல மேயுற ஒரு பிராணியோட வயித்துல இருந்து கிழிச்சுக்கிட்டு வந்தது, என் மூஞ்சிக்கு நேரா மரியாதையா தெளிக்கப்பட்டு, என் நெஞ்சுக்குள்ள குடும்பம் நடத்தியிருக்கு. அதையும் நான் சிரிச்சுக்கிட்டே இழுத்திருக்கேன்.

குழாயையும் ஊசிமுனைங்களையும் தூக்கி எறிஞ்சுட்டுப் புதுசு போடணும், தொட்டியைத் தேய்ச்சுக் காய வைக்கணும், சுகாதார இலாகா வந்து பார்க்குற வரைக்கும் ஒரு காத்தாடியும் ஓடக்கூடாது, நான் இன்னைக்கே தகவல் சொல்றேன்னு டாக்டரம்மா சொல்லி அனுப்புச்சு. ஜெராம் வீட்டு முன்னால காடியை நிறுத்தினா, மாப்பிள்ளை லோரியில காத்தாடிங்களை ஏத்திக்கிட்டு இருக்காரு. ஞாயித்துக்கிழமை தோட்டத்துக் கோயில் திருவிழா. எங்க பழைய தோட்டம். எங்கெங்கயோ போய்க் குடியேறின கிழடு கட்டையெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை அங்க கூடும்.

காடிக் கதவைப் பிடிச்சுக்கிட்டே டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மூச்சு வாங்கினதுல பாதி புரிஞ்சிருக்குமோ என்னவோ.

"அத்தை, பிளீச்ல ஊறி வெள்ளையாயிடுச்சு தொட்டி. வந்து பாருங்க. கோயில் கமிட்டிக்கு வாக்குக் கொடுத்துட்டேன், இப்ப இல்லன்னா என் மூஞ்சியில காறித் துப்புவானுங்க. பன்னீர்கூட ஊத்தல, மஞ்சளும் வேப்பிலையும்தான். மஞ்சள் கிருமியைக் கொல்லும்லா."

"மாப்பிள்ளை சொல்றாருல்ல, விடேன்"ன்னாரு இவரு பின்னால இருந்து. "தொழில் தெரிஞ்சவரு. நீ நோயாளி, உள்ள போய்ப் படு."

"நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க"ன்னேன். அவரு மூடிக்கிட்டாரு. மாப்பிள்ளைகிட்ட எப்படிப் பேசுறதுன்னு எனக்குத் தெரியல. திட்டி வழக்கமில்ல. கால்ல விழுந்து கெஞ்சவும் முடியாது. சும்மா, மனசுல வந்ததைக் கேட்டேன். "முன் வரிசையில யாரை மாப்பிள்ளை உட்கார வைக்கப் போறீங்க? முதல் காத்தாடி யாருக்கு?"

"அம்மாவுக்குத்தான் அத்தை. அவங்களுக்குத்தான் வெயில் ஆகாதே, இழுப்பு..." 

லோரி மேலயே நின்னுக்கிட்டு இருந்தாரு. அடுக்களையில சம்பந்தியம்மா இருமுறது வெளிய கேட்டுச்சு.

கீழ குதிச்சு இறங்கினாரு. கயிறு அறுக்குற கத்தியை எடுத்து, ஒரு காத்தாடிக் குழாயைப் பிடிச்சு நீளவாக்குல கிழிச்சாரு. வெளிய பளபளன்னு இருந்த குழாய்தான். உள்ள பழுப்பும் பச்சையுமா, கெட்டிப்பட்ட மூக்குச்சளி மாதிரி படிஞ்சிருந்துச்சு. நடுவுல வேப்பிலை நரம்பு ஒண்ணு. அவரு கட்டைவிரலால வழிச்சாரு, அது ஒரு துண்டா உரிஞ்சு கையில வந்து ஒட்டுச்சு. மேல பிளீச் வாசம், அடியில அதே நாத்தம். கவிதா வாயைப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிட்டா. நான் நகரல. மாப்பிள்ளை நல்லா பார்க்கட்டும்னு நின்னேன்.

மாப்பிள்ளை கையை உதறல, கழுவல. "அத்தை"ன்னாரு மெதுவா. "நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப இதெல்லாம் வேலைக்குப் போச்சு. போன வாரம் சுங்கை பெசார்ல ஒரு அறுபதாம் கல்யாணம். அந்தப் பெரியவரு வேர்க்குது வேர்க்குதுன்னாரு. இதைத்தான் அவரு முன்னால போட்டேன்."

அழுக்கில்லாத கையால போனை எடுத்து அந்தப் பெரியவரோட மகனைக் கூப்பிட்டாரு. சத்தமா வெச்சுத்தான் பேசினாரு, எங்களுக்குக் கேட்டுச்சு.

"அண்ணே, நான் சுரேன், ஜெராம் கூடாரம். அப்பா நல்லா இருக்காரா?"

"எங்க தம்பி, நேத்துல இருந்து காய்ச்சல். ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறேன். டிங்கியா இருக்குமோன்னு பார்க்குறாங்க. ஆளு உளறுறாரு, என்னையே அடையாளம் தெரியல. ஏன், கூடாரப் பாக்கி ஏதும் இருக்கா?"

என் வீட்டுக்காரர் முன்னால வந்து, வேணாம், சொல்லாதீங்கன்னு மாப்பிள்ளைகிட்ட கையை ஆட்டினாரு. மாப்பிள்ளை அவரைப் பார்த்தாரு. அப்புறம் கையில ஒட்டியிருந்ததைப் பார்த்தாரு.

"பாக்கி ஒண்ணும் இல்லண்ணே. பக்கத்துல டாக்டர் இருந்தா போனைக் கொடுங்க. அப்பா முன்னால நான் ஒரு தண்ணிக் காத்தாடி போட்டேன்ல, அதைப் பத்திச் சொல்லணும்"னாரு.